முத்துக்குளித்துறை – 23: ரொட்ரிகஸ் வீட்டுப் பையன்

சென்ற இதழில் சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை முடித்தோம். வ.உ.சி.யின் கப்பல்கள் கொழும்புக்கு ஓடிய அதே தடத்தில், இருபது ஆண்டுகள் கழித்து, தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று ஊரைவிட்டு அனுப்பப்பட்டது. கப்பலில் ஏறியவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தைக்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஊரின் நிலைமையைப் பார்த்துவிடலாம். 1926, 1927, 1928 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்தது. சலாபம் நடந்தால் ஊரே வேறு ஊராகிவிடும் என்பதை முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன். குளியாளி, சம்மாட்டி, தோணிக்காரர், கீழக்கரை வியாபாரி, வட்டிக்குக் கொடுப்பவர் என்று எல்லோர் கையிலும் காசு புரளும். அந்த மூன்று ஆண்டுகளின் நடு ஆண்டில், ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில், பனிமய மாதா கோயில் திருவிழா உச்சத்தில் இருந்த நாட்களில், ஜே.பி. ரொட்ரிகஸ் வீட்டில் ஒரு பையன் பிறந்தான்.

குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் வந்ததாகவும், மாதாவிடம் வேண்டிக்கொண்ட பிறகே பிழைத்ததாகவும் சொல்வார்கள். அதனால் பெயர் ஜோசப் பனிமயதாசன் ரொட்ரிகஸ். இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே முத்துக்கரையின் நானூறு ஆண்டு வரலாறு வந்துவிடும். 1530களில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன குடும்பப் பெயர்களில் ஒன்று ரொட்ரிகஸ். 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாக மரபு சொல்லும் சொரூபத்தின் பெயர் பனிமய மாதா. நம் வெயிலில் பனிக்கு ஏது இடம்? தூத்துக்குடிக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அவளை ஏழு கடல்துறைக்கும் அடைக்கல அன்னை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

வீட்டில் கூப்பிட்ட பெயர் பாபு. பரதவர்கள் தம்மைச் சந்திர குலத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. குலத்தின் சந்திரனும் வீட்டின் பாபுவும் சேர்ந்துதான் பின்னாளில் தமிழ்நாடு முழுக்கச் சொன்ன பெயராயிற்று: சந்திரபாபு. ஊரைவிட்டுப் போனவர், பெயரில் ஊரைக் கூட்டிக்கொண்டுதான் போனார்.

தந்தை ரொட்ரிகஸ் வசதியானவர், காங்கிரஸ்காரர். ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அப்படி ஒரு பெயரில் பத்திரிகை நடத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. 1929இல் கைது. சொத்து பறிமுதல். விடுதலையானதும் குடும்பம் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. பையனுக்கு அப்போது இரண்டு வயது.

தூத்துக்குடிப் பரதவர்களுக்குக் கொழும்பு அந்நிய ஊரல்ல. சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் படகுப் போக்குவரத்து தொடங்கும்வரை இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகிற ரயில் பயணிகள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். கொழும்பில் பரதவர்களின் கடைகளும் கிட்டங்கிகளும் இருந்தன; அவர்கள் பெண் கொடுத்து எடுத்ததும் இரு கரைக்கும் இடையேதான். ஆகவே நாடுகடத்தல் என்று காகிதத்தில் எழுதினாலும், உறவுக்காரர்கள் இருக்கும் ஊருக்குத்தான் போனார்கள். ஆனால் சொத்தை இழந்து போவது வேறு, வியாபாரத்துக்குப் போவது வேறு.

கிராண்ட்பாஸ் புனித ஜோசப் பள்ளியில் பையன் படித்தான். ஆங்கிலம் அங்கே வந்தது. பிற்காலத்தில் கோடம்பாக்கத்தில் சக நடிகர்களை மிரட்டிய அந்தச் சரளமான ஆங்கிலத்துக்கு ஊற்று இதுதான். இசையும் அங்கே வந்தது. கோயிலில் லத்தீன் பாடல், கடையில் ஆங்கில இசைத்தட்டு, தெருவில் போர்த்துக்கீசியர் மிச்சம் வைத்துப் போன கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும். சந்திரபாபுவின் வேகமான பாட்டுகளில் பைலாவின் துள்ளல் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் கைவிரிப்பேன். ஆனால் காது விடமாட்டேன் என்கிறது.

1943இல் குடும்பம் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தைக்கு ‘தினமணி’யில் வேலை. மகனுக்கோ சினிமாப் பைத்தியம். கொழும்புப் பள்ளிக்கூட ஆங்கிலம், வீட்டில் தூத்துக்குடிப் பேச்சு, வாசலில் இறங்கினால் திருவல்லிக்கேணி ரிக்‌ஷாக்காரன் பாஷை. மூன்றையும் ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். 1947இல் ‘தன அமராவதி’யில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1952இல் நடந்ததைப் பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எஸ்.எஸ். வாசனைப் பார்க்கக்கூட முடியவில்லை என்ற விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை விடத் துணிந்தார். காப்பாற்றப்பட்டார். தற்கொலை முயற்சி அன்று குற்றம், எனவே வழக்கு. நீதிமன்றத்தில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டது உங்களுக்குத் தெரிகிறது, சூடு உங்களுக்குத் தெரியாது என்கிற பொருளில் நீதிபதியிடம் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ, பின்னால் நடிகருக்கேற்றபடி மெருகேறியதோ, அந்த ஆள் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். வாசன் அவரை அழைத்து ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வேடம் கொடுத்தார் என்பது மட்டும் உறுதி.

இனி குரலுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் காரணமே அதுதான்.

ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கூப்பிட்டுக்கொள்ளும் குரல் முறை ஒன்று உண்டு. அடித்தொண்டையில் தொடங்கி, சட்டென்று குரலை உடைத்து உச்சிக்குத் தாவி, மறுபடி கீழே விழுவது. யோடலிங் என்பார்கள். அது எப்படியோ அமெரிக்காவுக்குப் போய் மாட்டுப் பண்ணைக்காரர்களின் பாட்டில் கலந்தது. ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற மிசிசிப்பி ரயில்வே தொழிலாளி, கறுப்பினக் கூலிகள் வேலைக் களத்தில் பாடிய சோகப் பாட்டோடு இதைச் சேர்த்து, 1927 நவம்பரில் ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். அது லட்சக்கணக்கில் விற்று, கடல் கடந்து, யோடலிங்கை உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. தூத்துக்குடியில் ரொட்ரிகஸ் பிறந்து மூன்று மாதம் ஆன நேரத்தில் அங்கே ரோட்ஜர்ஸ் பாடியிருக்கிறார். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். எழுதாமல் விட மனம் வரவில்லை.

இந்தியில் கிஷோர் குமாருக்கு வாய்த்ததுபோல் தமிழில் யோடலிங் வாய்த்தது சந்திரபாபுவுக்கு. ஆனால் வெறும் குரல் வித்தையாக அதைச் செய்திருந்தால் இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். 1954இல் ஏவி.எம்.மின் ‘பெண்’ படத்தில் கல்யாணத்தைப் பற்றி ஒரு பாட்டு வரும். இசை ஆர். சுதர்சனம். திரையில் பாடி ஆடுபவர் வீணை எஸ். பாலசந்தர், குரல் சந்திரபாபு. கர்நாடக இசையில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வைணிகர், அவரே பாடத் தெரிந்தவர், வாயசைத்ததோ தூத்துக்குடிக்காரர் குரலுக்கு. ஏன் என்று பாட்டைக் கேட்டால் புரியும். அதில் சிரிப்பு தாளத்துக்குள் விழுகிறது. ஒவ்வொரு ‘ஹா’வும் ஒரு சொல்லைப் போல எண்ணி வைத்த இடத்தில் வந்து நிற்கிறது. சாதாரணமாகப் பாடகர்கள் சிரித்தால் பாட்டு ஒரு கணம் நிற்கும். இவர் சிரித்தால் பாட்டு ஓடும்.

அன்றைய தமிழ்ப் பாட்டு எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தியாகராஜ பாகவதரின் நீண்ட சங்கதிகள் காதைவிட்டு முழுக்கப் போகாத காலம். ராகத்தில் நின்று பாடுவதுதான் பாட்டு. நகைச்சுவை நடிகர்களில் என்.எஸ். கிருஷ்ணன் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து வந்திருந்தார். சந்திரபாபு போனது வேறு பாதை. பாட்டைப் பேச்சின் பக்கம் இழுத்தார். ஒரு வரியைப் பாதி பாடி, மீதியைப் பேசி, கடைசிச் சொல்லைத் தூக்கி எறிவார். ‘சகோதரி’ (1959) படத்தில் கண்ணதாசன் எழுதிய ‘நானொரு முட்டாளுங்க’ பாட்டைக் கவனியுங்கள். அந்த ‘ங்க’தான் பாட்டின் உயிர்நாடி. எதிரில் நிற்கிறவரிடம் கும்பிடு போட்டுக்கொண்டே சொல்கிற தொனி. ஸ்வரம் அந்தத் தொனிக்குப் பின்னால் வருகிறது. ‘குமார ராஜா’வில் (1961) டி.ஆர். பாப்பா இசையமைத்த ‘ஒண்ணுமே புரியலே’யும் இதே ஜாதி. எழுத்துத் தமிழில் பாடினால் அந்தப் பாட்டு செத்துவிடும்.

‘சகோதரி’ பற்றி ஏவி.எம். வட்டாரத்தில் சொல்லும் கதை ஒன்று உண்டு. படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது மெய்யப்பச் செட்டியாருக்கு ஏதோ குறைவதாகத் தோன்றிற்றாம். சந்திரபாபுவை அழைத்து ஒரு பால்காரன் வேடத்தைத் தனியாக எழுதிச் சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

முன்னும் பின்னுமாக வந்த பாட்டுகள் பெரும்பாலானவை இன்றும் வானொலியில் வருபவை. ‘மணமகன் தேவை’யில் (1957) ஜி. ராமநாதன், ‘புதையல்’ (1957) படத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி, ‘அன்னை’யில் (1962) மறுபடி சுதர்சனம் என்று எல்லா இசையமைப்பாளர்களும் இந்தக் குரலுக்கென்று ஒரு பாட்டு ஒதுக்கினார்கள். ‘மரகதம்’ (1959) படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் கே. ஜமுனாராணியோடு பாடிய ‘குங்குமப் பூவே’ இன்றும் கல்யாண மண்டபங்களில் கேட்கிறது. அந்தப் பாட்டில் இவர் கொஞ்சுகிறாரா, வம்பிழுக்கிறாரா என்று சொல்லவே முடியாது. ஜமுனாராணி பதில் பாடும்போது குரலில் தெரிகிற அந்தச் சீண்டல், எதிரில் இருப்பவர் சும்மா இருக்கவிட மாட்டார் என்று தெரிந்தவரின் சீண்டல்.

சலாபத்தோடு தொடங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 1928க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் சிப்பி விளையவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் சலாபமே கிடையாது. 1955இல் மறுபடி தொடங்கி 1961வரை ஆண்டுதோறும் நடந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை. சந்திரபாபுவின் நல்ல காலமும் கிட்டத்தட்ட அதே ஆறேழு ஆண்டுகள்தான். காரண காரியம் ஒன்றும் கிடையாது, சிப்பிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் பேசுவார்கள்.

அவருடைய சிகரம் ‘சபாஷ் மீனா’ (1958). பி.ஆர். பந்துலு படம், சிவாஜி கணேசன் கதாநாயகன். சிவாஜிக்குக் கொடுப்பதைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால்தான் நடிப்பேன் என்று சந்திரபாபு சொன்னதாகப் பேச்சு. ரூபாய்க் கணக்கு எப்படியோ, திரையில் அவர் ஒரு ரூபாய் கூடுதலாகவே செய்திருக்கிறார். இரட்டை வேடம். ஒன்று நாகரிக இளைஞன். மற்றொன்று கை ரிக்‌ஷா இழுப்பவன். அந்த ரிக்‌ஷாக்காரன் வாயைத் திறந்தால் அசல் மெட்ராஸ் பாஷை. அதுவரை தமிழ்ப் படத்தில் ஏழை பேசினால் நாடகத் தமிழ் பேசுவான், அல்லது பட்டிக்காட்டுத் தமிழ். பட்டணத்துத் தெருவில் நிஜமாகப் பேசுகிற பேச்சு திரையில் சிரிப்போடும் மரியாதையோடும் நின்றது இங்கேதான். சென்னையில் பிறந்தவர் யாரும் செய்யாததை, கொழும்பில் வளர்ந்த தூத்துக்குடிக்காரர் செய்தார். வெளியூர்க்காரன் காதுக்குத்தான் ஓர் ஊரின் பேச்சு இசையாகக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

பந்துலுவே இதை 1962இல் ‘தில் தேரா தீவானா’ என்று இந்தியில் எடுத்தார். சந்திரபாபு வேடத்தில் மெஹ்மூத் நடித்து ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். சந்திரபாபுவுக்கு அந்த வேடத்துக்காக விருது ஏதும் வந்ததில்லை.

இந்த இடத்தில் இன்றைய வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். தெருப் பேச்சைத் தாளத்தில் பேசுவது, சொந்தப் பெருமையைச் சபையில் கூசாமல் சொல்வது, பெரிய மனிதர்களை ஒருமையில் கூப்பிடுவது, கோட்டும் சூட்டும் காரும் வீடுமாக வாழ்ந்து காட்டுவது – இதெல்லாம் அமெரிக்க ராப் பாடகர்களின் லட்சணம் அல்லவா? ஆமாம். சந்திரபாபு ராப் பாடவில்லை. அவர் பாடிப் புகழ்பெற்ற காலத்தில் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்த மனப்போக்கோடு முதலில் மேடை ஏறியவர் யார் என்றால் நான் கைகாட்டுவது இந்த ரொட்ரிகஸ் வீட்டுப் பையனைத்தான். எம்.ஜி.ஆரை மிஸ்டர் எம்.ஜி.ஆர் என்பார். குடியரசுத் தலைவர் மாளிகையில் பாடியபோது ராதாகிருஷ்ணன் ரசித்த ரசனையில் மனம் பறிகொடுத்து அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார் என்பது பல கலைஞர்கள் சொல்லி வந்த கதை.

அந்தத் துணிச்சலின் மறுபக்கமும் உண்டு. கண்ணதாசன் சொந்தப் பணத்தில் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்துக்குச் சந்திரபாபுதான் நாயகன். படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராமல் தயாரிப்பாளரை அலையவிட்டார். படம் நஷ்டம். கவிஞருக்குக் கவலை மட்டும் மிஞ்சியது. அந்த வருத்தத்தைக் கவிஞர் எழுத்திலேயே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் அடுத்தடுத்து அவருக்குப் பாட்டெழுதியவரும் கண்ணதாசனே. ‘ஆண்டவன் கட்டளை’யின் (1964) ‘சிரிப்பு வருது’ அப்படி வந்ததுதான். அதில் சிரிப்பு எங்கே முடிந்து கசப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.

அவருடைய திருமணம் நிலைக்கவில்லை. அதைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இந்தத் தொடருக்கு அது தேவையில்லை.

விழுந்தது டைரக்டர் ஆசையில். எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தைத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது. கடன் ஏறியது. அடையாற்றுப் பக்கம் கேசவபெருமாள்புரத்தில், கார் நேராக மாடிக்கே ஏறும்படி சரிவுப் பாதை போட்டுக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. மாடி வீட்டுக்காரர் ஏழையானார் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லச் சுலபமான சிலேடை, அனுபவித்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. 1966இல் மறுபடி முயன்றார். தானே இயக்கி, சாவித்திரியுடன் நடித்த அந்தப் படத்துக்குத் தலைப்பு ‘தட்டுங்கள் திறக்கப்படும்’. மத்தேயு நற்செய்தி ஏழாம் அதிகாரம். கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு தூத்துக்குடிப் பிள்ளைக்கும் மனப்பாடமான வாசகம். கதவு திறக்கவில்லை. குடி கூடியது. அதன் பிறகு ‘கண்ணன் என் காதலன்’, ‘அடிமைப் பெண்’ போன்ற எம்.ஜி.ஆர். படங்களிலேயே சின்னச் சின்ன வேடங்கள் வந்தன. கடைசிவரை கைவிடாத நண்பர்களில் எம்.எஸ். விஸ்வநாதன் ஒருவர்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞர் தன் தங்கைக்காக ஒரு விருந்தில் இசைத்தட்டு போட்டார். ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அவரும் ஒரு தீவிலிருந்து கப்பல் துறைமுக நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. ஏழு மாதம் கழித்து, 1974 மார்ச் 8 அன்று, சென்னையில் சந்திரபாபு இறந்தார். வயது நாற்பத்தாறு.

இருபது ஆண்டு கழித்து, 1994இல், ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் ‘பேட்டை ராப்’ போட்டபோது தமிழ்நாடு அதை அமெரிக்கச் சரக்கு என்று வியந்தது. தாளம் அமெரிக்காதான். பாஷை திருவல்லிக்கேணி ரிக்‌ஷா ஸ்டாண்டு. அந்த பாஷையைச் சினிமாவுக்குள் கூட்டி வந்தவர் பெயரை அன்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இன்று வடசென்னையிலும் மலேசியாவிலும் தமிழில் ராப் பாடும் பிள்ளைகள் ‘சபாஷ் மீனா’வின் ரிக்‌ஷாக்காரனை ஒருமுறை பார்த்தால் தங்கள் தாத்தாவை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அவருடைய கல்லறை சென்னை சாந்தோமை அடுத்த குயிபிள் தீவு இடுகாட்டில் இருக்கிறது. தூத்துக்குடி மண்ணில் இல்லை. அவர் பெயரைச் சொல்ல ஊரில் இன்னும் நிறையச் செய்யலாம். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரை வைத்த ஊர், ஒரு கலையரங்குக்கு இவர் பெயரை வைத்தால் குறைந்துபோகாது. நகராட்சிக் காலத்திலேயே செய்திருக்க வேண்டியது, மாநகராட்சியாவது செய்யட்டும்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜே.பி. ரொட்ரிகஸ் நடத்திய ‘சுதந்திர வீரன்’ இதழின் பழைய பிரதிகள், ஒரு தாளாக இருந்தாலும் சரி, தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் பக்கம் எந்த வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஆசிரியர் குழுவுக்குத் தெரிவியுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

(அடுத்த இதழில்: தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து நாடக மேடைக்கே தந்தையான சங்கரதாஸ் சுவாமிகள்)